கடைமடையிலிருந்து ஒரு மண் கணக்கு

வைகை, குண்டாறு வடிநிலங்களில் அணை, மதகணை, கால்வாய், கண்மாய்களுக்குப் பொறுப்பான பொறியாளர்களுக்கும், மண் எடுக்கக் கையெழுத்துப் போடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பார்த்திபனூருக்குக் கீழே ஒரு கண்மாய்ப் பாசன ஊர் எனக்கு. இரண்டரை ஏக்கர் நிலம். கண்மாய்க்குக் கீழே இருப்பதில் நெல், மேட்டில் முண்டு மிளகாய். இரண்டும் கைவிடுகிற வருஷங்களில் வீட்டுக்கு அரிசி போடுவது ஒரு பழைய டிராக்டர். அதில் நான் அதிகம் ஏற்றியது மண்தான். கரம்பை, வண்டல், சவுடு, செம்மண் என்று எதைப் பெட்டியில் கொட்டினாலும் சத்தத்தை வைத்தே என்ன மண் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றி உங்களுக்கு மனு எழுத எங்கள் மாவட்டத்தில் ஆள் குறைவில்லை. மண்ணைப் பற்றி எழுத ஓர் ஆள் வேண்டாமா என்றுதான் உட்கார்ந்தேன்.

டீக்கடைப் பேப்பரில் தினமும் வைகை அணை நீர்மட்டம் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். கடைமடைக்காரன் தலைப்புச் செய்திக்கு முன்னால் அதைத்தான் தேடுவான். 71 அடி என்றால் அணை நிறைந்துவிட்டது. 1959இல் அணை திறந்தபோது எது முழுமட்டமோ அதுதான் இன்றைக்கும் முழுமட்டம். ஆனால் அறுபது வருஷத்துக்கு மேலாக அடியில் வண்டல் ஏறிக்கொண்டே இருக்கிறது. அண்டாவில் கால்வாசி மணலைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் விளிம்பைத் தொடத்தான் செய்யும். பார்க்கிறவனுக்கு நிறைந்த அண்டா. அணையின் கொள்ளளவு குறைந்துவிட்டது, தூர்வார வேண்டும் என்று அரசுத் தரப்பிலேயே பல தடவை சொல்லியாயிற்று. ஆனால் பேப்பர் பெட்டியில் மேல்மட்டம் மட்டும்தான் வருகிறது, அடிமட்டம் வருவதில்லை. 2017இல் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அதே அணையில் தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்டார்கள். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், மேலே போகிற தண்ணீரைப் பற்றியாவது ஒருவருக்குக் கவலை வந்திருக்கிறது, கீழே ஏறுகிற மண்ணைப் பற்றி அந்த அளவுக்குக் கோமாளித்தனமான முயற்சிகூட நடக்கவில்லையே என்று தோன்றியது.

அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். காடு அழிந்து, சரிவில் உழவு நடந்து, மழைத்துளி நேராகத் தரையில் விழுகிற இடங்களில் மேல்மண் கரைந்து ஓடைக்கு வருகிறது. இலையில் பட்டு வழிகிற துளி வேறு, வெறுந்தரையை அறைகிற துளி வேறு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலையைப் புலிகள் காப்பகம் ஆக்கியபோது, வைகையின் தலைநீரும் பிழைக்கும் என்று பேசினார்கள். நடந்தால் சந்தோஷம். அங்கே சரிவில் விவசாயம் செய்கிறவர்களைத் திட்ட எனக்கு மனசில்லை. அவர்களும் என்னைப் போலப் பிழைக்கப் பார்க்கிறவர்கள். சரிவுக்குக் குறுக்கே உழவும் கல்வரப்பு போடவும் அவர்களுக்குக் கைகொடுங்கள். அணைக்குள் இறங்கிய பிறகு வாருவதைவிட மலையிலேயே பிடித்து வைப்பது மலிவு.

ஒரு பழைய மதிப்பீடு இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஓர் எக்டேருக்குச் சராசரியாக 16 டன்னுக்கு மேல் மண் அரிக்கப்படுகிறது என்று மண் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 1983இல் கணக்குப் போட்டார்கள். அதில் சுமார் 29 விழுக்காடு கடலுக்குப் போகிறது, 10 விழுக்காடு அணைகளில் தங்குகிறது, மீதி 61 விழுக்காடு ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த 61தான் எங்கள் கதை. கடலுக்கும் போகாமல் அணையிலும் தங்காமல் வழியில் இறங்குகிற மண்ணெல்லாம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற எங்கள் வரத்துக்காலிலும் கண்மாயிலும்தான் இறங்குகிறது.

கண்மாய் எப்படித் தூர்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தூர்வாரும் வேலை நடக்கிற லட்சணத்தைப் பார்த்தால், இதைத் தெரிந்தவர்கள் மதிப்பீடு போடுவதாகத் தெரியவில்லை. வரத்துக்காலில் வேகமாக வருகிற தண்ணீர் கண்மாய்க்குள் நுழைந்ததும் அகன்று வேகம் குறையும். வேகம் குறைந்த இடத்தில் முதலில் கனமானது விழும். அதனால் மணலும் குறுமணலும் உள்வாயில், வரத்துக்கால் சேரும் இடத்திலேயே விசிறிபோலப் படியும். அதற்கடுத்து பொடிமண். களிமண் மட்டும் தண்ணீரோடு கரைவரை நீந்தி வந்து, மடைக்கு முன்னால் அலுங்காமல் நிற்கிற தண்ணீரில் நாள்கணக்கில் மெல்ல இறங்கும். அதுதான் கரம்பை. அதில்தான் சத்து. மிளகாய்க் கொல்லைக்கு அதை அடித்தால் இரண்டு மூன்று வருஷத்துக்குச் செடியின் நிறமே வேறாக இருக்கும். எங்கள் தாத்தா காலத்தில் சித்திரை, வைகாசியில் மாட்டுவண்டி வரிசை கட்டும். யாரும் அதைத் தூர்வாருதல் என்று சொல்லவில்லை. மண் அடிக்கப் போகிறோம் என்றுதான் சொன்னார்கள். தூர்வாருவது தானாக நடந்தது.

இப்போது ஒப்பந்தக்காரர் வருகிறார். பொக்லைனை எங்கே நிறுத்துவார்? கரைமேல் பாதை இருக்கிறது, லாரி வந்து போக வசதி, அதனால் கரையோரம். கரையின் காலடியிலேயே ஆள் மட்டத்துக்குக் குழி. கரம்பை போகிறது, அதற்கடியில் இருக்கிற களித்தட்டும் கிழிகிறது, அப்புறம் கீழே மணல் தெரிகிறது. மணல் தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். களித்தட்டு போன கண்மாயில் தண்ணீர் நிற்காது. நான்கு மாதம் நிற்க வேண்டியது தைப்பொங்கலுக்கே வற்றிவிடும். அதோடு கரையோரக் குழி மடையைவிடத் தாழ்வாக இருப்பதால், அதில் கிடக்கிற தண்ணீர் வயலுக்கு ஏறாது. ஆடு மாடு குடிக்கும், பையன்கள் விழுந்து சாவார்கள். உண்மையில் வார வேண்டிய உள்வாய் மணல்மேடு சீமைக்கருவேலத்தைச் சுமந்துகொண்டு அப்படியே இருக்கும். மழை பெய்தால் வரத்துக்கால் தண்ணீர் அந்த மேட்டில் முட்டி, பக்கத்துப் புஞ்சைக்குள் பாய்ந்து, அங்கே அரித்துக்கொண்டு வேறு வழியாகக் கண்மாய்க்குள் இறங்கும். ஆக, தூர்வாரிய வருஷமே கண்மாய்க்குப் புது மண் கூடுதலாக வரும். காகிதத்தில் பார்த்தால் இத்தனை ஆயிரம் கன மீட்டர் அகற்றப்பட்டது என்று இருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை.

அனுமதி விஷயத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருஷம் முன்பு என் கொல்லைக்கு இருபது நடை கரம்பை வேண்டி ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். சிட்டா கேட்டார்கள், அடங்கல் கேட்டார்கள், வரைபடம் கேட்டார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். மாசியில் கொடுத்த மனுவுக்கு ஐப்பசியில் அனுமதி வந்தது. அப்போது கண்மாயில் இடுப்பளவு தண்ணீர். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதே கோடையில் வேறொரு கண்மாயில், பள்ளம் நிரப்ப அடிக்கிற சவுடு மண் என்ற பெயரில் ராத்திரி ராத்திரியாக டிப்பர் ஓடியது. சவுடு அனுமதியை வைத்துக்கொண்டு மணல் அள்ளுகிற இந்தத் தந்திரத்தை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கண்டித்திருக்கிறது. 2024இல் விவசாயிகளும் மண்பாண்டம் செய்கிறவர்களும் வட்டாட்சியர் அளவிலேயே இலவசமாக மண் எடுக்கலாம் என்று விதியை எளிதாக்கினார்கள். நல்ல காரியம், மனசார நன்றி. யாருக்கு, எத்தனை கன மீட்டர் என்று அனுமதியில் எழுதுகிறீர்கள் அல்லவா, கண்மாயின் எந்த இடத்தில், எத்தனை அடி ஆழம் என்று தரையிலும் கொடி நட்டுக் காட்டுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

எங்கள் பக்கத்து முன்னோர்கள் இதை யோசிக்காமல் இல்லை. பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டு கல்தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழி மடை. அதன் தொட்டியில் தெளிந்த தண்ணீர் இறங்க மேலே ஒரு துளை, அதற்கு நீரோடி என்று பெயர். அடிமட்டத்தில் சின்னச் சின்னத் துளைகள், அவை சேறோடி. மடையைத் திறந்தால் தண்ணீரோடு அடிச்சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குப் போய்விடும். ஒவ்வொரு பாசனத்துக்கும் ஒவ்வொரு கைப்பிடி தூர். மின்சாரம் வேண்டாம், ஒப்பந்தப் புள்ளி வேண்டாம். அதற்குப் பதிலாகத் திருகு வைத்த இரும்புக் கதவு வந்தது. திறக்கச் சுலபம்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி அடைப்பை எடுக்க ஆள் தேட வேண்டாம். ஆனால் மேலே தெளிந்தது, கீழே கலங்கியது என்ற பாகுபாடு அந்தக் கதவுக்குத் தெரியாது. பழைய குமிழி இருக்கிற கண்மாய்களில், மராமத்து என்ற பெயரில் அதைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிடாதீர்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் இருக்கிற மாவட்டம் இது. மடை கட்டத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் மடை பற்றி ஒரு வார்த்தை கேட்டால் கௌரவம் குறையாது.

ஆற்றுக்கு வருகிறேன். பார்த்திபனூர் மதகணையிலிருந்து இடது, வலது பிரதானக் கால்வாய்கள் பிரிந்துதான் எங்கள் கண்மாய்களுக்குத் தண்ணீர் வருகிறது. மதகணை தவிர, ஆற்றிலிருந்து நேராகப் பிரிகிற பழைய கால்களும் உண்டு. வைகையில் வருஷக்கணக்காக மணல் அள்ளியதில் ஆற்றின் தரை இறங்கிப்போன இடங்களில், அந்தக் கால்களின் வாய் மேலே தொங்குகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும், காலில் ஏறாது. திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிற கல்யாண ஊர்வலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேலே அணை மணலைப் பிடித்துக்கொள்கிறது. கீழே மஞ்சளாறு, மருதாநதி மாதிரி சேருகிற ஆறுகள் கொண்டுவருகிற கொஞ்சநஞ்ச மணலையும் லாரி பிடித்துக்கொள்கிறது. யாருக்கும் வேண்டாத பொடிச்சேறு மட்டும் வெள்ளம் வந்தால் கீழே வருகிறது.

அந்தக் கீழ்கோடியில் என் மச்சான் இருக்கிறார். ஆற்றங்கரை என்ற கடலோர ஊரில் வல்லம் வைத்திருக்கிறார், நண்டு வலை. கடல் சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த பாவி என்பதால் வைகை அதனோடு சேர மறுக்கிறது என்று பழைய புலவர்கள் பாடினார்கள். 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் ஒடுங்கிவிடுகிற ஆற்றுக்கு அழகான சாக்கு. நல்ல மழை வருஷத்தில் மிஞ்சுகிற தண்ணீர் ஆற்றங்கரை முகத்துவாரம் வழியாகப் பாக் நீரிணைக்குப் போகும். போகாத வருஷங்களில் கடல் தன் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். ஆற்று வெள்ளம் தள்ளினால்தான் அந்த அடைப்பு திறக்கும். "மாப்பிள்ளை, உங்க ஊர்க்காரங்க கண்மாயை வாருறாங்க, நாங்க வாயை வாருறோம், ரெண்டு பேரும் ஒரே மண்ணைத்தான் வாருறோமா?" என்று போன வாடைக்காலத்தில் கேட்டார். இல்லை மச்சான், உங்களுடையது கடல் மணல் என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது முழுப் பதிலாகப் படவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அதை ஆண் கடல் என்பார்கள்; வடக்கே பாக் நீரிணை, அது பெண் கடல். பெண் கடல் பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்கூட இல்லாத அமைதியான தண்ணீர். அதன் அடியில் கடல்புல். நண்டும் இறாலும் கடல் பசுவும் அந்தப் புல்லை நம்பி இருக்கின்றன. புல்லுக்கு வெயில் வேண்டும். சேறு கலங்கினால் வெயில் உள்ளே போகாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன், மச்சான் வலையைத் தூக்கிப் பார்த்தே தெரிந்து வைத்திருக்கிறார். அதே நேரத்தில் கரைக்கு மணல் வேண்டும். வாடைக்காலத்தில் ஒரு பக்கம் போகிற மணல் தென்காற்று வீசுகிற சோழகக் காலத்தில் மறுபக்கம் திரும்பும். அந்தப் போக்குவரத்தில் குறைகிற மணலுக்கு ஈடுகட்டுகிறவை ஆறுகள். ஈடு வராவிட்டால் கடல் கரையைத் தின்னும். தின்கிற இடத்தில் மக்கள் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவர், கேட்கிறார்கள், அரசும் கட்டுகிறது. தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. போகிற மணலை ஒரு பக்கம் பிடித்து வைக்கிறது, அடுத்த பக்கத்து ஊருக்குக் கிடைக்க வேண்டியது குறைகிறது. அப்புறம் அந்த ஊரும் கேட்கிறது. வீடு போகிறவன் கல்லைக் கொட்டச் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடற்கரையில் கல்லைக் கொட்டுவதும் ஆற்றில் மணலை அள்ளுவதும் ஒரே அரசாங்கத்தின் இரண்டு கைகள் என்பதை யாராவது ஒருவர் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், வயலுக்கு வேண்டியது கடலுக்கும், கடலுக்கு வேண்டியது லாரிக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

ஆறு முன்பு எப்படிக் கடலோடு இருந்தது என்பதற்கு ஆற்றங்கரைக்குப் பக்கத்திலேயே அழகன்குளம் இருக்கிறது. 1986 முதல் தொல்லியல் துறை பல கட்டமாகத் தோண்டிய இடம். ரோமானியக் காசும் மட்பாண்டமும் கிடைத்த பழைய துறைமுகம். கப்பல் வந்த ஊர் இன்று கரையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிறது. அகழாய்வுக் குழியின் சுவரை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். அறிஞர்கள் பானை ஓட்டைப் பார்த்தார்கள், நான் மண் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

இனி நான் கேட்பது. தண்ணீருக்குக் கணக்கு வைக்கிற மாதிரி மண்ணுக்கும் ஒரு கணக்கு வையுங்கள், அதை எங்கள் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். வைகை அணை, விரகனூர் மதகணை, பார்த்திபனூர் மதகணை, பெரிய கண்மாய், முகத்துவாரம். குண்டாற்றில் கமுதிப் பக்கம் ஓரிடம், மூக்கையூரில் கடல் சேரும் இடம். இந்த இடங்களில் வெள்ளக்காலத்தில் எவ்வளவு மண் கடந்தது, எவ்வளவு மணல், எவ்வளவு சேறு என்று வருஷம் ஒரு தடவை எளிய தமிழில் ஒரு தாள். உங்களிடம் இதில் பாதி ஏற்கெனவே கோப்பில் இருக்கலாம். இருந்தால் வெளியே எடுங்கள். பேப்பர்க்காரர்கள் அணை மட்டத்தைப் போடுகிற பெட்டியில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் இடம் நிறைந்துவிடாது.

கண்மாய்க்கு அவ்வளவுகூட வேண்டாம். மூன்று கல் நட்டால் போதும். உள்வாயில் ஒன்று, நடுவில் ஒன்று, மடைக்கு முன்னால் ஒன்று. கல்லில் அடிக்கு ஒரு கோடு போட்டு, கண்மாயின் அடித்தரை மட்டத்தை வெள்ளைச் சாயத்தில் குறித்துவிடுங்கள். வருஷா வருஷம் கோடையில் தரை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஊர்க்காரன் பார்த்துச் சொல்லிவிடுவான். எங்கே வார வேண்டும், எத்தனை அடி, எப்போது போதும் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. எந்தக் கண்மாய்க்கு முதலில் பணம் ஒதுக்குவது என்ற தகராறிலும் பாதி குறையும். (மீதிப் பாதி அரசியல், அதற்குக் கல் உதவாது.)

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரத்துக்காலில் முளைத்ததை வேரோடு எடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் கரைச்சரிவில் இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறுங்கரையை மழைக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எடுத்த கையோடு பனங்கொட்டையும் வெட்டிவேரும் ஊன்ற வேண்டும். பழைய கண்மாய்க் கரைகளில் பனை நிற்பது அழகுக்கு அல்ல என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொன்னால் பாதிச் செலவில் அவர்களே வெட்டிக்கொண்டு போவார்கள். சக்கரக்கோட்டை, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைக் கண்மாய்கள் வேறு விஷயம். அங்கே மண்மேட்டில் நிற்கிற கருவேல மரத்தில்தான் கூடு. பொக்லைன் போவதற்கு முன்னால் வனத்துறையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று. காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய். எங்களுக்கு அதில் ஆசை உண்டு, மறைக்கவில்லை. காவிரி வெள்ளம் தெளிந்த தண்ணீராக வராது, தன் வண்டலோடுதான் வரும். அந்த வண்டல் கால்வாயில் எங்கே இறங்க வேண்டும், எங்கே வார வேண்டும், யார் வாருவது, வாரியதை யார் எடுத்துக்கொள்வது என்று இப்போதே வரைபடத்தில் இடம் விடுங்கள். கட்டி முடித்த பத்தாவது வருஷம் நான் இதே மடலைத் தேதி மாற்றி அனுப்பும்படி வைத்துவிடாதீர்கள். அப்போது எனக்கு டிராக்டர் ஏறத் தெம்பு இருக்காது.

பங்குனி கடைசியில் எங்கள் கண்மாய் காய்ந்துவிடும். வெடிப்பு விழ ஆரம்பித்ததும் உள்வாயிலிருந்து மடைவரை நடந்தால் நான் மேலே எழுதியதெல்லாம் காலடியிலேயே தெரியும். மணல், அப்புறம் பொடிமண், அப்புறம் கரம்பை என்று செருப்புக்கே வித்தியாசம் புரியும். உங்களில் யாராவது ஒருவர் வந்தால் போதும். காலையில் ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் தாங்காது. மண்ணைக் குத்திப் பார்க்கக் கடப்பாரை நான் கொண்டு வருகிறேன். மச்சானையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பார்த்திபனூர் கடைமடை விவசாயி ஒருவன்